ஏழு கன்னியர் மலையில் நின்றுபோன ஹஜ்

1974 டிசம்பர் 5, வியாழக்கிழமை. ஹட்டன் பசாரில் இருந்த எங்கள் புடவைக்கடை அன்று திறக்கப்படவில்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்த வாப்பா, கடையின் பின்னறையிலிருந்து வெள்ளைப் புடவைக் கட்டொன்றை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, ஜமாஅத்தார் சிலருடன் லொறியில் ஏறி நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போனார். மலையில் ஒரு விமானம் மோதிவிட்டதாம், அதில் வந்தவர்கள் எல்லோரும் ஹாஜிமாராம் என்பது மட்டுமே வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது.

மறுநாள் பின்னேரம்தான் வாப்பா திரும்பினார். புடவைக் கட்டு ஏறக்குறையக் கொண்டுபோனபடியே இருந்தது. உம்மா காரணம் கேட்டார். “கஃபன் போட ஒரு மையித்தும் முழுசா இல்ல” என்றார் வாப்பா. பிறகு குளிக்கப் போய்விட்டார். அந்தப் புடவையை அவர் கடைசிவரை விற்கவில்லை. பசாரில் வசதியில்லாத யாரும் மௌத்தானால் அந்தக் கட்டிலிருந்துதான் வெட்டிக் கொடுப்பார். கட்டு முடிய ஆறேழு வருடங்கள் சென்றன. அந்த மலையைப் பற்றி அவர் என்னோடு பேசியது மொத்தம் இரண்டு தடவைகள். வாப்பாவும் மௌத்தாகி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்ட பிறகு, அவர் சொல்லாமல் விட்டதை நான் தேடத் தொடங்கினேன்.

முதலில் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம்மவரிலேயே பலருக்கு இது வெறும் “ஹாஜிமார் விழுந்த மலை” என்ற அளவில்தான் தெரியும்.

டிசம்பர் 4, புதன்கிழமை. துல்கஃதா பிறை இருபதளவில் இருந்த நாட்கள். அரஃபாவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட விமானம் அது. ஒல்லாந்து நாட்டின் மார்ட்டினேர் நிறுவனத்துக்குச் சொந்தமான டீ.சீ. 8 ரகம். இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக ஹஜ் பயணிகளை ஏற்றிவந்தது. கொழும்பு என்பது இடையில் இறங்கிப் போகும் இடம் மட்டுமே. கட்டுநாயக்கவில் இறங்கி மீண்டும் பறந்திருந்தால் இந்த மண்ணின் பெயர்கூட அவர்களில் பலருக்கு ஞாபகத்தில் நின்றிராது. 182 ஹஜ் பயணிகள், 9 பணியாளர்கள். மொத்தம் 191 உயிர்கள். நான்கரை மணித்தியாலத்துக்கு மேல் பறந்து, இரவு பத்து மணி கடந்த வேளையில், மஸ்கெலியா பிரதேசத்தில் தெபர்டன் தோட்டத்துக்கு மேலே உள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இன்றுவரை இதுவே மிகப் பெரியது.

ஏழு முடிகள் வரிசையாக நிற்பதால் அந்த மலைக்கு அப்பெயர். சிங்களத்தில் சப்த கன்யா. விபத்து பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகளில் “அஞ்சிமலை” என்றொரு பெயர் காணப்படுகிறது. ஏழில் ஐந்தாவது முடி என்று தோட்டத்து ஆட்கள் சொன்ன ‘அஞ்சு மலை’யைத்தான் யாரோ கேட்டு அப்படி எழுதிக்கொண்டார்கள் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

விபத்துக்கான காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விமானம் நெருங்கி வந்தபோது கட்டுநாயக்க கட்டுப்பாட்டு நிலையம் அதை முதலில் 5000 அடிக்கும் பின்னர் 2000 அடிக்கும் இறங்க அனுமதித்தது. விமான நிலையம் கண்ணில் பட்டதும், அல்லது வழிகாட்டி வானொலிக் கம்பத்துக்கு மேலே வந்ததும் அறிவிக்கும்படி கேட்டது. அந்த அறிவிப்பு வரவேயில்லை. அந்நேரம் விமானம் இருந்த இடம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 40 கடல்மைல், அதாவது 74 கிலோமீற்றர் கிழக்கே. மோதிய உயரம் 4355 அடி. தாம் இறங்குதுறையை அண்மித்துவிட்டதாக நம்பிய விமானிகள், மலைநாட்டின் நடுவே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையின் முடிவு இதுதான்: விமானம் எங்கே இருக்கிறது என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர், விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் காலநிலை ராடாரையும் நம்பியதால் இது நேர்ந்தது, அக்கருவிகள் பிழையாக விளங்கிக்கொள்ள இடம் கொடுப்பவை.

டொப்ளர் என்பது விமானத்திலிருந்து நிலத்தை நோக்கி அலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும்போது ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு, விமானம் என்ன வேகத்தில் போகிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணக்கிடும் கருவி. புறப்பட்ட இடம் தெரியும். வேகமும் திசையும் தெரியும். ஆகவே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் இவ்வளவு இருக்கிறது என்று கூட்டிக்கொண்டே போகும். எங்கள் கடையில் பற்றுவரவுப் புத்தகம் எழுதிய காலத்தில் ஒரு பக்கத்தில் விட்ட பிழை அடுத்த பக்கத்துக்கும் அதற்கடுத்த பக்கத்துக்கும் போய்க்கொண்டேயிருக்கும். மாத முடிவில் வாப்பா பெட்டிக்காசை எண்ணிப் பார்க்கும்போதுதான் பிடிபடும். டொப்ளரும் அப்படித்தான். வழியில் தரையிலுள்ள ஏதாவதொரு வானொலிக் கம்பத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே வரும். ஜாவாவிலிருந்து இலங்கை வரையுள்ள பாதையிலோ பெரும்பகுதி வெறும் கடல். காலநிலை ராடார் மழை முகிலைக் காட்டுவதற்கானது. கரையோரத்தின் கோட்டையும் ஓரளவுக்குக் காட்டும். ஆனால் அது எந்தக் கரை என்று ராடார் சொல்லாது, பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். தென்கிழக்கிலிருந்து வருபவருக்கு இலங்கையின் முதற்கரை ஒன்று; கட்டுநாயக்க இருப்பது மறுகரையில்; இரண்டுக்கும் நடுவில் மலைநாடு.

40 கடல்மைல் என்பது அந்த விமானத்துக்கு எட்டு, பத்து நிமிடப் பயணம். ஏழு கன்னியர் மலையைத் தாண்டிவிட்டால் கித்துல்கல பக்கமாக நிலம் சரிந்துகொண்டே போகிறது. அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மூன்று நாட்கள் முன்னர், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே தரையிறங்க வந்த இன்னொரு விமானமும் இதேபோல் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். விமானம் நிலத்தை ஆபத்தாக நெருங்கும்போது எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்கள் யாவும் பொருத்த வேண்டும் என்று அந்நாடு கட்டளையிட்டதற்கு அந்த விபத்து ஒரு முக்கிய காரணம். பின்னர் உலகம் முழுவதும் அது வழக்கத்துக்கு வந்தது. நம் மலையில் விழுந்தவர்களுக்கு அது பிந்திவிட்டது.

இவ்வளவையும் நான் விவரிப்பதற்குக் காரணம் எங்களிடையே சொல்லப்பட்டு வந்த இன்னொரு கதை. ஏழு கன்னியர் மலையின் அயலில்தான் பாவா ஆதம் மலை இருக்கிறது. ஆதம் நபி சுவர்க்கத்திலிருந்து இறங்கிய இடம் ஸரன்தீப் என்பதும், அவர் இங்கிருந்து நாற்பது தடவை கால்நடையாக மக்கா சென்று ஹஜ் செய்தார் என்பதும் பழைய அரபு வரலாற்று நூல்களில் காணப்படும் செய்திகள். இப்னு பதூதா 1344இல் இங்கு வந்து அம்மலையில் ஏறியதும் நாமறிந்ததே. ஆகவே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் முதல் ஹாஜியின் மலையடியில் ஷஹீதாக வேண்டும் என்பது இறைவனின் ஏற்பாடு, அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று அந்நாட்களில் பலர் பேசினார்கள். பயான்களிலும் கேட்டிருக்கிறேன்.

ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டவர் வழியில் மௌத்தானால் அவருக்குரிய கூலி குறைவதில்லை என்று ஆலிம்கள் சொல்வர். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கத்ரை நம்புகிறவன் நான். ஆனால் அந்த ஆறுதலை நாம் சரித்திரத்தின் இடத்தில் வைத்துவிட்டோம் என்பதே என் மனக்குறை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் அவர்கள் யார், எந்த ஊர், எதனால் இப்படி நடந்தது என்று கேட்க வேண்டியதில்லாமல் போய்விடுகிறது. நாமும் கேட்கவில்லை.

ஜாவாவின் ஹஜ் பாதையில் இலங்கை தற்செயலாக வந்து சேர்ந்த இடமல்ல. இதைத்தான் நான் பிந்தி அறிந்துகொண்டேன். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களை எதிர்த்த சாவக மன்னரும் பிரபுக்களும் ஆலிம்களும் இங்கே நாடுகடத்தப்பட்டார்கள். 1708இல் இங்கு அனுப்பப்பட்ட மாத்தாராம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1734இல் இம்மண்ணிலேயே இறந்தார். ஜாவா மொழியில் நாடுகடத்தப்படுவதைக் குறிக்கும் சொல்லே ‘செலோங்’ என்ற நமது நாட்டின் பெயரிலிருந்து பிறந்தது. ஜாவாத் தாய்மார் பிள்ளைகளிடம் இலங்கையை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இவர்களுள் என் மனத்தை மிகவும் இழுத்தவர் மக்காஸார் ஷெய்க் யூஸுப். பான்தென் சுல்தானின் பக்கம் நின்று ஒல்லாந்தரோடு போரிட்டுப் பிடிபட்டு 1684இல் இங்கே கொண்டுவரப்பட்டார். பத்து வருடங்களுக்குக் கிட்டிய அந்தச் சிறைவாழ்வில் தஸவ்வுப் பற்றி அரபு மொழியில் நூல்கள் எழுதினார். மக்காவுக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் இலங்கையில் தங்கிய கிழக்குத் தீவுகளின் ஹாஜிமார் அவரைத் தேடிவந்து ஸியாரத் செய்து, அவர் எழுதியவற்றையும் அவரது செய்திகளையும் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். இது ஒல்லாந்தருக்குப் பெரிய தலையிடியாகியது. ஹாஜிமார் வந்துபோகும் பாதையில் இந்த மனிதரை வைத்திருக்க முடியாது என்று கண்டே 1694இல் அவரைத் தென்னாபிரிக்காவின் கேப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேயே 1699இல் மௌத்தானார். தென்னாபிரிக்க முஸ்லிம்கள் இன்றும் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள். நாம் அவர் இங்கே இருந்த பத்து வருடங்களைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூடப் படித்ததில்லை.

இங்கே வேர்விட்ட மலாயர் அந்தத் தொடர்பை விட்டுவிடவில்லை. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் ஜாவி எழுத்தில் ‘அலாமத் லங்காபுரி’ பத்திரிகையைக் கொழும்பிலிருந்து நடத்தினார். பின்னர் கப்பல்கள், அதன்பின் விமானங்கள். எழுபதுகளின் இறுதியில் இந்தோனேசிய ஹாஜிமாரின் கப்பல் பயணம் நின்று முழுவதும் ஆகாய வழியானது. பாதை மட்டும் நம் தலைக்கு மேலாகவே போனது.

நான்கு வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. 1978 நவம்பர் 15, இதுவும் ஒரு புதன்கிழமை. இம்முறை ஹஜ்ஜை முடித்து ஜித்தாவிலிருந்து சுரபாயா திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டீ.சீ. 8 விமானம், எரிபொருள் நிரப்பிப் பணியாளரை மாற்ற வந்த இடத்தில், கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள், 79 பேர் தப்பினார்கள். இலங்கை விசாரணை விமானிகளைக் குறை சொன்னது. ஐஸ்லாந்துத் தரப்பு விமான நிலையக் கருவிகளைக் குறை சொன்னது. இரண்டு விபத்துகளும் பலருடைய ஞாபகத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. தென்னந்தோட்டத்தில் பிழைத்தவர்களை மலையில் பிழைத்தவர்களாகச் சொல்லும் முதியவர்களை நானே சந்தித்திருக்கிறேன். மலையில் யாரும் பிழைக்கவில்லை.

இனி வாப்பா பேசிய இரண்டாவது தடவை பற்றி. விபத்து நடந்து சில மாதங்களில் பசாரில் ஒரு பேச்சு அடிபட்டது. தோட்டத்து ஆட்கள் பிரேதங்களிலிருந்து நகைநட்டைப் பொறுக்கிக்கொண்டார்கள், இப்போது அடகுக்கடைக்கு வருகிறார்கள் என்று. எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் இதைச் சொன்னபோது, சத்தம் போட்டுப் பேசியறியாத வாப்பா கொதித்துவிட்டார். “நீங்க அங்க போனீங்களா? மையித்தப் பொறுக்கியெடுத்தது அவங்க. சாக்குல கட்டி முதுகுல சுமந்து எறக்கினது அவங்க. நாங்க போய் துஆ ஓதிட்டு வந்தோம், அவ்வளவுதான்.”

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்பதை இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அரிசியும் மாவும் கிடைக்காத காலம். பாணுக்கு விடியற்புறத்திலேயே வரிசை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் பெருகிய ஆண்டு 1974. இன்னொரு பக்கம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி லயத்து லயமாகப் பெயர் வெட்டி மக்களை இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தம்மையே ஒரு நாடு தன்னுடையவர் என்று ஏற்காத வேளையில், ஊர் பேர் தெரியாதவர்களின் சிதறிய உடல்களைத் தேடி அம்மக்கள் மலையேறினார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் அங்கே போனேன். நோர்ட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் ரயர் ஒன்று பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. என் நெஞ்சளவுக்கு உயரமிருக்கும் என்று எண்ணிப் போனேன், அதைவிடச் சிறியது. சிறுவயதில் கேட்டவை மனத்தில் பெருத்துவிடுகின்றன போலும். அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் போய், தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில், நினைவுச்சின்னத்தின் அருகே நின்றேன். துணைக்கு வந்தவர் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே ஓய்வு பெற்ற முதியவர். விபத்தின்போது அவருக்கு இருபது வயதாம்.

“ராத்திரி இடி மாதிரி ஒரு சத்தம் நானா. லயத்துத் தகரமெல்லாம் ஆடிப்போச்சு. வெளிய வந்து பாத்தா மேல நெருப்பு. என்னன்னே புரியல. விடியவும் ஏறினோம்” என்றார். மலையில் என்ன கண்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார். ஒரு மரக்கொப்பில் நீளமான வெள்ளைத்துணி ஒன்று கிழியாமல், கறைபடாமல் தொங்கிக்கொண்டிருந்ததாம். வேட்டி என்று நினைத்து எடுத்து மடித்து அதிகாரிகளிடம் கொடுத்தாராம். வேட்டி மாதிரி, ஆனால் கரை இல்லை என்றார். அது இஹ்ராம் துணியாக இருக்கலாம் என்று நான் விளக்கினேன். எப்போது உடுப்பார்கள், ஏன் தைக்காத துணி என்றெல்லாம் விவரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்ப அவங்க அத இன்னும் கட்டவே இல்லையா?” என்றார். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றோம்.

நான் துஆ ஓதும்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். அவருடைய தாய் இருந்தவரை வருடத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் விளக்கேற்றுவாராம். அது மார்க்கத்தில் உள்ளதா இல்லையா என்று விவாதிக்க இதுவல்ல இடம். 191 பேருக்காக வருடந்தோறும் ஒரு கிழவி ஞாபகம் வைத்துச் செய்த ஒன்று அது. நான் வசித்த ஹட்டன் பசாரிலிருந்து அந்த இடம் ஒரு காலைப்பொழுதுப் பயணம். நான் அங்கே போவதற்கு நாற்பது வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறேன்.

2024 டிசம்பரில் அந்த இரவுக்கு ஐம்பது வருடங்கள் நிறைந்தன. இத்தனை காலத்தில் நம்முடைய கவிதைகளிலோ கதைகளிலோ இந்த மலை என் கண்ணில் பட்டதில்லை. பட்டவர்கள் இருந்தால் எழுதி அறிவிக்க வேண்டுகிறேன். குடியேறி நிலைத்தவர்களின் கதையை நாம் ஓரளவு எழுதிவிட்டோம். கடந்துபோக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு நம் சரித்திரத்தில் எந்த அத்தியாயம் என்று தெரியாமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

திரும்பும் வழியில் அந்த முதியவர் அவர்களின் பெயர்களைக் கேட்டார். எல்லோருடையதும் வேண்டாம், இரண்டொன்று தெரிந்தால் போதும் என்றார். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சுரபாயாவில் விமானம் ஏறுமுன் 182 பெயர்களும் எங்கோ எழுதப்பட்டிருக்க வேண்டும்; அந்நாளைய ஜாவாப் பத்திரிகைகளிலும் வந்திருக்கக்கூடும். கொழும்பில் எனக்கொரு மலாய் நண்பர் இருக்கிறார், இந்தோனேசிய மொழி சரளமாக வாசிப்பார். தேடும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். கிடைத்தால் இந்தப் பக்கங்களிலேயே வெளியிடுகிறேன், தோட்டத்துக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பேன்.